பெயர் போடாமல் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் பட்டம் வாங்கிவிட்டேன். அடிக்‌ஷன் கவுன்சிலிங், அதாவது குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்கு ஆலோசனை சொல்லும் படிப்பில் முதுகலை. இங்கே அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் படித்தேன், 60 கிரெடிட், நான்கு வருடம். அன்றைக்கு நிறைய பேர் போன் செய்தீர்கள், பாதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டதோடு சரி, அது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் இப்போது உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இருக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உங்களைப் பற்றிய இடம் வரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அம்மா.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் வாத்தியார் மகள் என்றால் ஒரு மரியாதை உண்டு. எந்த வாத்தியார் என்று கேட்டு, அப்பா பெயரைச் சொன்னதும் அந்த மரியாதை பாதியில் நின்றுவிடும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவர் குடிக்க ஆரம்பித்தார். சபையில் அவருக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள், வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், அவரும் அழுவார், இரண்டு மாதம் நிறுத்துவார், சாட்சி சொல்லச் சொல்லி முன்னால் நிறுத்துவார்கள், மூன்றாம் மாதம் பழையபடி. "பின்மாறிப்போனாரு" என்பார்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்கு யாரும் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள். 1998-ல் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது 19 வயது.

இந்தப் படிப்பின் இரண்டாம் வருடத்தில் மருந்துகளைப் பற்றி ஒரு பாடம். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நாம் குடிக்கும் சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும், பிறகு இன்னொரு என்சைம் அந்த நச்சை அப்புறப்படுத்தும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் நச்சு உடம்பிலேயே தங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, வாந்தி வரும். இதைப் படிக்கும்போதே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் இதை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில், எங்கள் வீட்டு முற்றத்தில், அப்பா சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில், முகமெல்லாம் செங்கல் நிறமாகி, துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்ததும், நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதும், வெளிச்சம் அவர் முகத்தில் விழாமல் இருக்க அதைத் தரையைப் பார்த்துத் திருப்பியதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. மறுநாள் கர்த்தர் அடித்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அங்கே விடிந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பாவுக்குச் சாப்பாட்டுல ஏதும் மாத்திர கலந்தீங்களாம்மா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "புளிக்குழம்புல. மருந்துக்கடையில குடுத்தாவ, தெரியாம குடுக்கணும்னு சொன்னாவ" என்றார்கள். அப்பா செத்ததற்குத் தானே காரணம் என்று இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள், ஒவ்வொரு திருவிருந்துக்கும் அதை மனதில் வைத்துக்கொண்டே முழங்கால் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நான் படித்தது அத்தனையும் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். டாக்டர் பரிசோதித்து, குடிப்பவரே சம்மதித்துச் சாப்பிட்டால் அது மருந்து. அவருக்குத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் எச்சரிக்கையிலேயே போட்டிருக்கிறது, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கொடுத்தது தப்புதான், ஆனால் ஏழு வருடம் கழித்து அப்பாவைக் கொண்டுபோனது அந்த மாத்திரை இல்லை, குடி. இதைப் பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டபோது, "எழுது, இன்னொருத்தி செய்யாம இருக்கட்டும்" என்றார்கள். குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்ற விளம்பரத்தை நீங்களும் சுவரில் பார்த்திருப்பீர்கள், தயவுசெய்து அந்த நம்பருக்குப் போன் செய்யாதீர்கள்.

அம்மா, நன்றி. நீங்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்காவிட்டால் இந்தப் படிப்பு எனக்கு வெறும் படிப்பாகவே இருந்திருக்கும்.

அடுத்து என் பேராசிரியர், தமிழ் தெரியாது, மகள் மொழிபெயர்த்துக் கொடுப்பாள். முதல் வருடத்தில் அவருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கு பியூப்ரினார்பின், மெத்தடோன் என்ற சிகிச்சை மருந்துகளைக் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை, கிறிஸ்துவில் விடுதலை என்றால் முழு விடுதலையாக இருக்க வேண்டும் என்று வசனத்தோடு எழுதியிருந்தேன். சபைகளில் கேட்டு வளர்ந்ததுதான். அவர் மார்க் போடாமல் திருப்பி அனுப்பி, இறப்பு எண்ணிக்கையைப் படித்துவிட்டு மறுபடி எழுது என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தார். படித்தேன். இந்த மருந்துகளில் இருப்பவர்கள் சாவது, இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆய்வு மேல் ஆய்வாக இருக்கிறது. உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே சுவிசேஷம் சொல்ல முடியும். கட்டுரையை முழுதாக மாற்றி எழுதினேன். அவர் என்னைவிடப் பழமையான விசுவாசி, ஜெபிக்காமல் எந்த வகுப்பையும் தொடங்கமாட்டார், அதனால்தான் அவர் சொன்னது என்னிடம் ஏறியது.

இன்னொரு பாடத்தில் 1935-ல் ஓஹாயோவின் ஆக்ரன் நகரில் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் சுய உதவிக் குழு தொடங்கிய வரலாற்றை அவர்தான் நடத்தினார். அது ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து வளர்ந்தது, பாவ அறிக்கை, தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வது எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான், ஆனாலும் குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த 12 படிகளில் கடவுள் என்று வரும் இடத்தில் "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்று சேர்த்து, நம்பாதவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். அந்தச் சில வார்த்தைகளுக்காக ஒரு மணி நேரம் பேசினார். எங்கள் ஊரில் அப்படி ஒரு நாற்காலி அப்பாவுக்கு இருந்திருந்தால் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் மேற்பார்வையாளர் அம்மா. படிப்போடு 700 மணி நேரம் நேரடிப் பயிற்சி உண்டு, 100 பிராக்டிகம், 600 இன்டர்ன்ஷிப். ஹூஸ்டனில் நான் போன மையத்தில் அவர்தான் எனக்குப் பொறுப்பு. 22 வருடமாகக் குடிக்காமல் இருப்பவர், அதை முதல் நாளே சொல்லிவிட்டார். என் அமர்வுகளின் ஒலிப்பதிவை வாரா வாரம் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். வந்தவர் யார், என்ன சொன்னார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். எதிரில் இருந்தவர் பேச்சை நிறுத்தி அழுதபோது, நான் சட்டென்று "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஜெபிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். நல்ல ஜெபம்தான். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு, "அந்த நேரத்தில் ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது?" என்று கேட்டார்.

எனக்குத்தான். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை, அதை மூட எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. என் அப்பாவுக்கும் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள் என்று அப்போதுதான் உறைத்தது, அவர் வாயைத் திறக்கும் முன்னே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவர் எனக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தார். கடிகாரத்தை மேஜையில் வைத்து, 40 விநாடி ஒன்றும் பேசாமல் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது. செய்து பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். ஜெபிப்பதே கூடாது என்று அவர் சொல்லவில்லை, வந்தவர் கேட்டால் ஜெபிக்கலாம், கேட்காதவருக்காக வீட்டில் போய் ஜெபி என்றார். அப்படித்தான் செய்கிறேன். காரில், வீட்டுக்குப் போகும் வழியில்.

வீட்டுக்காரருக்கு என்ன சொல்ல. நான்கு வருடம் இரவுச் சமையல் உங்களுடையது, முதல் வருடம் பருப்பும் ரசமுமாக ஓடியது, இப்போது உங்கள் மீன்குழம்புக்கு என் குழம்பு ஈடாகாது. பிராக்டிகம் நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு நான் ஒன்றும் பேசாமல் வந்து உட்காரும்போது, என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்டால் நான் சொல்லக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும், தட்டை மட்டும் எடுத்து வைத்தீர்கள். மகளே, கட்டுரை எழுதும் விதிகளான ஏபிஏ ஏழாம் பதிப்பில் மாணவர் கட்டுரைக்கு ரன்னிங் ஹெட், அதாவது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரும் சுருக்கத் தலைப்பு, வேண்டாம் என்று நீ சொன்ன நாளிலிருந்து என் மேற்கோள் வேலை பூராவும் உன் தலையில்தான். உன் பரீட்சை வாரத்திலும் செய்து கொடுத்தாய். நன்றி, கண்ணு.

இனி நம் தமிழ்ச் சபை. மூன்றாம் வருடம் விட்டுவிடலாம் என்று முடிவெடுத்திருந்தேன், ஃபீஸ் கட்ட முடியவில்லை, அந்த வாரம் மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் இறந்தும் போயிருந்தார். ஆயரம்மா வீட்டுக்கு வந்தார்கள். நல்ல சமாரியன் கதையை எடுத்தார்கள், எனக்குக் கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது, எத்தனை முறை கேட்டது. ஆனால் அவர்கள் சமாரியனைப் பற்றிப் பேசவில்லை, சத்திரக்காரனைப் பற்றிப் பேசினார்கள். சமாரியன் இரண்டு பணம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள் என்று சொல்லி மறுநாள் புறப்பட்டுவிட்டான். அதற்கப்புறம் அடிபட்டவனுக்குத் தினமும் கட்டு மாற்றியது, கஞ்சி கொடுத்தது, ராத்திரி முனகினால் எழுந்து பார்த்தது எல்லாம் சத்திரக்காரன்தானே, அவன் எத்தனை நாள் பார்த்தான், அடிபட்டவன் பிழைத்தானா என்றுகூடக் கதையில் இல்லையே, உன் வேலை அது இல்லையா என்றார்கள். அடுத்த ஞாயிறு பெண்கள் ஜெபக்குழுவிலிருந்து ஒரு கவர் வந்தது. யார் யார் எவ்வளவு போட்டீர்கள் என்று இன்றுவரை ஆயரம்மா சொல்லவில்லை. அந்த செமஸ்டர் ஃபீஸ் அதில்தான் கட்டினேன்.

அதோடு நிற்கவில்லை. சபைச் சமையலறை அலமாரியில் தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு நார்கான் ஸ்ப்ரே இருக்கிறது. ஓபியாய்டு அதிகமாகி மூச்சு நிற்கப்போகும் ஒருவரின் மூக்கில் அடித்தால் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து, 2023-லிருந்து இங்கே சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்கிறது, அடித்துவிட்டு உடனே அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று முதலில் கேட்ட மூப்பரே பயிற்சி நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பொம்மையின் மூக்கில் அடித்துப் பழகினார். ஐயா, உங்களுக்கும் நன்றி, மனதார.

இப்போது பெயர் ஏன் போடவில்லை என்பதற்கு வருகிறேன். நான் ரொம்ப நன்றி சொல்ல வேண்டியவர்கள் இந்த மடலில் வரவே முடியாதவர்கள். இன்டர்ன்ஷிப்பில் எனக்கு எதிரில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் போதைச் சிகிச்சைக்கு வருகிறார் என்பதையே அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்று 1970-களிலிருந்தே அமெரிக்க மத்திய அரசின் விதி இருக்கிறது, அது நல்ல விதி. எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லை, டீக்கடை வரை எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. அவர்கள் பெயர் போட முடியாத இடத்தில் மற்றவர்கள் பெயரை மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு எதிரில் உட்கார்ந்தவர்களே, நீங்கள் இதைப் படிக்கப்போவதும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், வந்ததற்கு நன்றி, மறுபடி குடித்துவிட்டுத் திரும்பியும் வந்தீர்களே, அதற்கு அதைவிட நன்றி. பின்மாற்றம் என்று நான் கேட்டு வளர்ந்த சொல்லை, சிகிச்சையில் நடக்கக்கூடிய ஒன்று என்று எடுத்துக்கொள்ள நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்.

இனி லைசென்ஸுக்கு டெக்சஸில் 3000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், அதில் பாதி நேரம் நேருக்கு நேர். தொடங்கிவிட்டேன்.

பட்டமளிப்பு இங்கே காலை பத்து மணிக்கு, அங்கே இரவு எட்டரை. அம்மா வெள்ளைச் சேலை கட்டி, தம்பியின் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருப்பது அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. அதனால் மேடையில் என் பெயரை வாசித்தவர் அப்பா பெயரையும் சேர்த்து வாசித்தார், உச்சரிப்பு தப்பு, நடு எழுத்தை விழுங்கிவிட்டார். ராத்திரி போன் செய்தபோது அம்மா முதலில் கேட்டது அதைத்தான். "அப்பா பேரு மாரி கேட்டுச்சே, அப்பா பேருதானா?"

ஆமாம்மா, அப்பா பேருதான் என்றேன்.