ஸ்கேனில் தெரியாத கல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரகக் கல் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. கல்தானா என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

விடியற்காலை 3 மணிக்கு விழித்துப் பார்த்தால், என் கணவர் குளியலறைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறார். வாயுப் பிடிப்பு, சரியாகிவிடும் என்றார். உட்கார்ந்தார், எழுந்தார், தரையில் மண்டி போட்டார், மறுபடி நடந்தார். எப்படித் திரும்பினாலும் வலி விடவில்லை. முதுகில், விலாவுக்குக் கீழே பிடித்தது அடிவயிற்றுக்கு இறங்கி விதைப்பை வரை இழுத்தது. இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். ஆனால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். கூடவே வாந்தி. அரை மணியில் அடங்கியது, அப்புறம் மீண்டும் வந்தது. குடல்வால் அழற்சி என்றால் அசையாமல் சுருண்டு படுப்பார்கள், கல் வலிக்காரரால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

முதலில் போன இடத்தில் சிறுநீரைச் சோதித்தார்கள். பார்க்கத் தெளிவாக இருந்த சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தன. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் 'கல் இல்லை, இடது சிறுநீரகம் லேசாக வீங்கியுள்ளது' என்று எழுதி, ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி நின்றது, நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். கீழே எங்கோ அடைப்பு இருப்பதற்கு அந்த வீக்கமே அடையாளம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றும் அந்த ஆதங்கம் தீரவில்லை.

பத்து நாளில் வலி திரும்பியது. நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் முட்டுவது போல் இருக்கும், போனால் சொட்டுதான் வரும். வேறொரு மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் குழாயில் 6 மி.மீ. கல்! சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியும், குழாயில் இறங்கிவிட்டால் குடலில் உள்ள காற்று மறைத்துவிடும் என்று விளக்கினார். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாதாம். சி.டி.யின் கதிர்வீச்சு கூடாது என்பதால் கர்ப்பிணிகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான். ஐம்பதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக இந்த வலி வந்தால் வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம்.

அவர் சொன்னதில் என்னை உலுக்கியது வேறு. வலி நின்றாலும் கல் அங்கேயே இருக்கலாம். அடைப்பு நீடித்தால் சத்தமில்லாமல் சிறுநீரகமே கெட்டுவிடும். வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்து சாப்பிட்ட மூன்றாம் வாரம், ஒவ்வொரு முறையும் வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த துணியில் பழுப்பாக, முள்முள்ளாக ஒன்று கிடைத்தது. பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் என்று வந்தது. வீக்கம் வடிந்ததா என்று மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

'கல் தெரியவில்லை' என்ற அறிக்கையோடு வீட்டில் இருக்கும் வாசகர்களுக்காக இதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி