படி எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்

ஊட்டியிலும் குன்னூரிலும் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 72. வலது முழங்காலில் தேய்மானம், கையில் தடி. சமதரை என்றால் மெதுவாக அரை கிலோமீட்டர் நடந்துவிடுவேன், படி என்றால்தான் திண்டாட்டம், அதிலும் ஏறுவதைவிட இறங்குவது. (இதை என் மகனுக்கே நாலு தடவை விளக்க வேண்டியிருந்தது.)

போன மாதம் நானும் வீட்டம்மாவும் ஊட்டிக்கு வந்தோம். அறை போடும்போதே போனில் கேட்டேன், "படி இருக்குமா தம்பி?" "ரெண்டு மூணுதான் சார்." வந்து பார்த்தால் கார் நிற்கிற இடத்திலிருந்து வரவேற்பறைக்கு 14 படி, அங்கிருந்து அறைக்கு இன்னும் 19, கைப்பிடிக் கம்பி பாதி வரைக்கும்தான். எண்ணிக்கொண்டேதான் ஏறினேன், வேறு என்ன செய்ய. அந்தத் தம்பி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அறை வாசலில் இருக்கிற மூன்று படியை மட்டும் அவர் கணக்கில் வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு முப்பது தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு மற்ற 30 படி கண்ணில் படாது.

மலையைச் சமமாக்கித் தாருங்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை 1820களில் இங்கே கல் பங்களா கட்டிய காலத்திலிருந்தே ஊர் சரிவில்தான் வளர்ந்திருக்கிறது. பழைய பங்களாவில் லிஃப்ட் வைக்க இடம் ஏது, அதுவும் புரிகிறது. ஆனால் பழனிக்குக் கிளம்புகிறவனுக்கு மலைமேல் போக எழுநூறு படி பக்கம் வரும் என்று வீட்டிலேயே தெரியும், முடியாதவன் நேராக விஞ்சு வரிசையிலோ ரோப் கார் வரிசையிலோ போய் நின்றுவிடுகிறான். உங்கள் இணையப் பக்கத்திலோ பால்கனி படம் இருக்கிறது, கேம்ப்ஃபயர் படம் இருக்கிறது, வாசல் படியின் படம் ஒன்றுகூட இல்லை. எந்த வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் என்று, மலைக்கு வர வாங்குகிற இ-பாஸில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் மேலே வருகிறோம், பதிலுக்கு நீங்கள் ஒரு எண் சொல்லக் கூடாதா?

கார் கதவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், குளியலறை வாசலில் மேடு உண்டா, கழிப்பறை வெஸ்டர்னா. இவ்வளவுதான். கீழ்த்தளத்தில் ஒரு அறை இருந்தால் அதை இளவட்டங்களுக்குக் கொடுத்துவிட்டு எங்களை மாடிக்கு அனுப்பாதீர்கள், அது போதும்.

அப்புறம், ஊர் சுற்றிக் காட்டுகிற டிரைவர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எல்லோருக்கும் ஒரே ரவுண்டு வேண்டாமே. தாவரவியல் பூங்காவில் கீழே இருக்கிற புல்வெளியே எனக்குப் போதும். 1848இல் தொடங்கிய தோட்டம், வயதில் என்னைவிட எவ்வளவோ மூத்த மரங்கள், பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், மேல் அடுக்குகளுக்கு வீட்டம்மா மட்டும் போய்வந்தார். ரோஜாப் பூங்கா எல்க் மலைச் சரிவில் தட்டுத் தட்டாக இறங்குகிறது. அங்கே கொண்டுபோய் விட்டு "ஒரு மணி நேரத்தில் வாங்க" என்றால் நான் முதல் தட்டிலேயே நின்றுவிடுவேன். எங்களைப் போன்றவர்களுக்குக் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வருகிற ரயிலைச் சொல்லுங்கள். பெட்டியில் ஏறுகிற வரைக்கும்தான் பாடு, அதற்கப்புறம் வெலிங்டன், கேத்தி, லவ்டேல் எல்லாம் ஜன்னலுக்கே வந்துவிடும்.

அடுத்த வருஷமும் வருவதாக இருக்கிறோம். போனில் அதே கேள்வியைத்தான் கேட்பேன். "ஒரு நிமிஷம் சார், எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள், லைனிலேயே காத்திருக்கிறேன்.