அறுவை சிகிச்சைப் பட்டியலில் எப்போதும் கடைசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதைக் கடந்த மாதம் கண்கூடாகக் கண்டேன்.

என் சித்தப்பா மகனைக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் உட்கொண்டு, தறி ஓட்டிப் பிழைப்பவர். தமக்குத் தொற்று இருப்பதை மருத்துவரிடம் அவரே சொன்னார். அன்று மாலையே அவருடைய கட்டில் கழிப்பறையை ஒட்டிய மூலைக்குப் போனது. கேஸ் ஷீட்டின் அட்டையில், வருவோர் போவோர் கண்ணிலெல்லாம் படும்படி, 'எச்.ஐ.வி.' என்று சிவப்பு மையால் எழுதிவைத்தார்கள். முந்தின இரவு பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தவரை, பட்டியலில் கடைசி ஆளாக, மறுநாள் மாலை நான்கு மணிக்குத்தான் தியேட்டருக்குள் அழைத்தார்கள். "சொல்லாமலே இருந்திருக்கலாம் அக்கா" என்றார்.

பாதுகாப்புக்காகத்தான் இப்படி என்கிறார்கள். புதிதாகத் தொற்றியவருக்குச் சில வாரங்கள் வரை பரிசோதனையில் 'இல்லை' என்றே வரக்கூடும் என்பதால், சிவப்பு மையை நம்பிக் கையுறை அணிபவருக்குப் பாதுகாப்பே கிடையாது. கையுறையும், ஊசியைக் கவனமாக அப்புறப்படுத்துவதும், கருவிகளை முறையாகக் கிருமிநீக்கம் செய்வதும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். என் விரலிலும் ஒருமுறை ஊசி குத்தியது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்தை 28 நாள் உட்கொண்டேன்; மறுபடியும் அதே வார்டில்தான் வேலை பார்த்தேன். 1986-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் இத்தொற்று கண்டறியப்பட்டபோது எழுந்த அச்சத்துக்காவது அறியாமை என்ற காரணம் இருந்தது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சிகிச்சை மறுப்பதையும் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் மருத்துவ நிலையங்கள் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. அந்த அலுவலர் யார் என்று அன்று மூன்று இடங்களில் கேட்டேன். அப்படி ஒருவர் உண்டு என்பதே எவருக்கும் தெரியவில்லை. அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு வார்டு வாசலிலும் தமிழில் எழுதிவைக்கச் சுகாதாரத் துறை உடனே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், ஈரோடு