காடை அடைகாக்காது என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் பக்கத்தில் காடை வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தீவனம், கூண்டு, வெளிச்சம் பற்றிச் சொன்னதில் எனக்குக் குறையில்லை. வளர்ப்புக் காடை அடைக்கே உட்காராது, பொரிப்பான் இல்லாமல் குஞ்சு கிடையாது என்று அடித்துச் சொன்ன இடம்தான் உறுத்தியது. ஐந்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற செவிலி. பிரசவ வார்டில் இரவுப் பணி பார்த்தே காலம் போனது. ஜப்பானியக் காடைகளைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து, முட்டைகளைப் பொரிப்பானில் அடுக்கி, 37.5 டிகிரியை இரவில் எழுந்து எழுந்து பார்ப்பேன். வார்டை விட்டாலும் பழக்கம் விடவில்லை. ஒருமுறை பதினைந்தாம் நாள் மின்சாரம் போய் விடியும் வரை வரவில்லை. 22 முட்டை, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்த வேலையைக் காடையிடமே விட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது.

நான்கு பேடுகளையும் ஓர் ஆணையும் தரையில் விட்டேன். ஆறடிக்கு நான்கடி அடைப்பு. மண் தரை, காய்ந்த புல், மூலையில் சாய்த்து வைத்த சுள்ளிகள். மேலே பலகை போடாமல் தளர்வாக வலை கட்டினேன். பயந்தால் காடை செங்குத்தாக எகிறும், பலகையில் மண்டை உடையும். விளக்கையும் நிறுத்திவிட்டேன்.

முதலில் கண்ட இடத்தில் முட்டை போட்டன. நானும் பழக்கதோஷத்தில் மாலைதோறும் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். பொறுக்கினால் எங்கே சேரும், எதன் மேல் உட்காரும்? கையைக் கட்டிக்கொண்டு இருந்த பிறகுதான் சுள்ளி மறைவில் பத்துப் பன்னிரண்டு முட்டை குவிந்தது. ஒரு பேடு புல்லை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. நான்காம் நாள் முட்டை எப்படி இருக்கிறதென்று பார்க்க அதைத் தூக்கினேன். எழுந்து போனது போனதுதான், திரும்பவில்லை. பிரசவம் ஆகும்போது கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற உறவுக்காரர்களை எத்தனை முறை விரட்டியிருப்பேன்! அதையே நான் செய்தேன்.

அடுத்த முறை வேறொரு பேடு உட்கார்ந்தது. மற்றவை அதே குழியில் வந்து புதிதாக முட்டையிட்டால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் பொரிக்கும். முதல் குஞ்சுகளோடு தாய் கிளம்பிவிட்டால் மிச்சம் வீணாகும். ஆண் வேறு சும்மா இராமல் துரத்தும். அதனால் மற்ற நான்கையும் வேறு கூண்டுக்கு மாற்றினேன். உட்கார்ந்திருப்பதை மாற்றக் கூடாது. இடம் மாறினால் பெரும்பாலும் அடை கலைந்துவிடும். தீவனமும் தண்ணீரும் இரண்டடி தள்ளி வைத்தேன். நாளுக்கு ஒன்றிரண்டு முறை இறங்கித் தின்றுவிட்டு ஓடிப்போய் உட்காரும்.

பதினேழாம் நாள் மாலை முட்டைக்குள்ளிருந்தே சத்தம் கேட்டது. காடைக் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தபடி ஒன்றுக்கொன்று குரல் கொடுத்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வரும். மறுநாள் காலை பார்த்தால், பதினொரு முட்டையில் ஏழு பொரித்திருந்தன. இரண்டு கூமுட்டை, இரண்டு ஓட்டுக்குள்ளேயே போய்விட்டன. ஏழில் ஒன்றை நான்தான் கொன்றேன் என்று சொல்ல வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட மறந்தேன். 8 கிராம்கூட இராத உயிர், விரலளவு தண்ணீரே போதும் மூழ்க. கம்பிவலையின் அடிப்பகுதியிலும் சிறு ஓட்டை இருந்தால் நுழைந்து வெளியே போய்விடும். பின்னர் குளிரில் விறைத்துவிடும்.

மிச்சம் ஆறும் வளர்ந்தன. வெப்ப விளக்கே போடவில்லை. தாய் தீவனத்தைக் கொத்திக் காட்டி மெல்லக் கூப்பிடும், ஓடிவரும். பொழுது சாய்ந்தால் இறக்கைக்கு அடியில் ஆறும் மறைந்துவிடும். பொரிப்பான் குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்து நசுங்கிச் சாவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லாப் பேடும் உட்காராது. என் நான்கில் இரண்டுதான் உட்கார்ந்தன. உட்காராத பேட்டையும் தாயாக்க ஒரு வழி உண்டு. மாலையில் இருட்டான சிறு பெட்டியில் ஒரு நாள் குஞ்சுகளை அதன் அடியில் தள்ளிவிட்டால், விடிவதற்குள் சில பேடுகள் அணைத்துக்கொள்கின்றன. சில கொத்தும் என்பதால் அருகிலேயே இருக்க வேண்டும்.

முட்டை விற்பவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். அடையில் இருக்கும் பேடு முட்டையிடாது, கணக்கு ஒத்துவராது. ஜப்பானில் முதலில் குரலுக்காக வளர்த்த பறவையை 20-ஆம் நூற்றாண்டில் முட்டைக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். அடைக்கு உட்காராததே அங்கே இலாபம். குணம் மங்கியிருக்கிறது, ஒழியவில்லை. அதிலும் கம்பிமேல் நிறுத்தி, நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டி, போட்ட முட்டையை உடனே உருட்டி எடுத்துக்கொண்டால் அது எப்படி உட்காரும்? வீட்டில் நாலைந்து வளர்ப்பவர்களுக்காகவாவது, அடுத்த முறை அந்த வரியை "கூண்டில் அடைகாக்காது" என்று திருத்தி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
காடை வளர்க்கும் ஓய்வுபெற்ற செவிலி