கொழுந்துக் கணக்கும் ஒன்பதாம் வகுப்பும்

கோத்தகிரி,
நவம்பர் 12

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. காலாண்டு விடைத்தாள், அப்புறம் மழை, அப்புறம் கரண்ட் இல்லாத ராத்திரிகள் என்று பதில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கூடலூர், தேவாலா பக்கம் ஆனி ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு ஐப்பசியில்தான் பெருமழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கேயாவது மண் சரிந்தால் கீழேயிருந்து வரும் டீச்சர்கள் வரமாட்டார்கள். அன்றைக்கு இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்து நான் ஒருத்தியே கட்டி மேய்க்க வேண்டும். உன் பெரியவள் பி.எஸ்சி. சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா, அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லையே?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தகவல் எது, கருத்து எது என்று பட்டியல் போட்டு நடத்தினேன், டெஸ்டில் எல்லோரும் முழு மார்க், மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பிக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய். அந்தப் பட்டியல்தான் வினை என்று எனக்குத் தோன்றுகிறது. எண் இருந்தால் தகவல், 'அழகான', 'மோசமான' என்று வந்தால் கருத்து, 'நான் நினைக்கிறேன்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை, கருத்து. இது வாக்கியத்தின் சட்டையைப் பார்த்து ஆளை எடைபோடுகிற வேலை. ஃபார்வர்டு எழுதுகிறவனுக்கும் இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். அவன் ஒரு நாளும் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதுவதில்லை. எண்ணும் தேதியும் போட்டு, கூடவே ஒரு டாக்டர் பெயரையும் சேர்த்துத்தான் அனுப்புகிறான்.

என் வகுப்பில் நடந்ததைக் கேள். 'தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா; அதன் உயரம் 2,637 மீட்டர்' என்று போர்டில் எழுதிப் போட்டேன். எல்லோரும் தகவல் என்றார்கள். ஊட்டிக்குப் போகிற வழியில் தினமும் கண்ணில் படுகிற மலை, அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. அப்புறம் அட்லஸை எடுத்து, மூணாறுப் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர் இருப்பதைக் காட்டினேன். உடனே வகுப்பே ரப்பரை எடுத்து 'தகவல்' என்பதை அழித்துவிட்டுக் 'கருத்து' என்று எழுதியது! பொய்யாகப் போய்விட்டதாம், அதனால் கருத்தாம். இத்தனைக்கும் 2,637 என்பது சரியான எண்தான், நீலகிரியில் உயர்ந்தது அதுதான். தென்னிந்தியா என்று நீட்டியதில்தான் தப்பு.

குட்டு அங்கேதான் உடைந்தது. அவர்களைப் பொறுத்தவரை தகவல் என்றால் சரியானது, கருத்து என்றால் தப்பானது அல்லது சும்மா சொன்னது. அளந்து பார்த்து, அட்லஸைப் புரட்டி, இது தப்பு என்று சொல்ல முடிந்ததே, அப்படிச் சொல்ல முடிவதால்தான் அது தகவல் வகை என்று புரியவைக்க அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. அதிலிருந்து 'இது தகவலா, கருத்தா?' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். 'இதைச் சரிபார்க்க எங்கே போவாய்? எதை அளப்பாய்? யாரைக் கேட்பாய்?' என்றுதான் கேட்கிறேன். போக ஓர் இடம் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வா, அதுவரை வாயைத் திறக்காதே. இடமே இல்லையென்றால் காரணம் சொல்லு.

நம் பிள்ளைகள்தான் மக்கு என்று நினைத்துவிடாதே. பல நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி நடத்துகிற பிசா தேர்வில், 2018-ல், ஈஸ்டர் தீவைப் பற்றிய ஒரு புத்தகத்தின் மதிப்புரையைக் கொடுத்து, அதிலுள்ள வாக்கியங்களில் எது தகவல், எது கருத்து என்று பிரிக்கச் சொன்னார்கள். அந்த மாதிரிக் கேள்விகளில், நேரடி அடையாளம் எதுவும் இல்லாதபோதும் தகவலையும் கருத்தையும் பிரித்தறிய முடிந்தவர்கள், பணக்கார நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தத் தடவை இந்தியா தேர்வே எழுதவில்லை. 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் எழுதின, இரண்டும் கடைசி வரிசையில் வந்தன. பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? அதே 2018-ல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 5,035 பெரியவர்களிடம் ஐந்து தகவல் வாக்கியமும் ஐந்து கருத்து வாக்கியமும் கொடுத்துப் பார்த்தது. தகவல் ஐந்தையும் சரியாகச் சொன்னவர்கள் 26 சதவீதம், கருத்து ஐந்தையும் சரியாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். தன் கட்சிக்குத் தோதாக இருக்கிற வாக்கியம் என்றால் அதைத் தகவல் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இரண்டு தரப்புக்குமே இருந்ததாம். நம் வீட்டுப் பெரியப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மணிமேகலையில் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை ஞாபகம் இருக்கிறதா? பி.எட். படிக்கும்போது நீதான் அதை எனக்கு விளக்கினாய். ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வழி பத்து என்று அதில் வரும் அளவைவாதி என்ற சமயவாதி சொல்லிக்கொண்டே போவான். கண்ணால் காண்பது ஒன்று, கண்டதை வைத்துக் கருதுவது ஒன்று. அந்தப் பத்தில் ஐதிகம் என்றும் ஒன்று வரும். 'இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது' என்று ஊர் சொல்வதை நம்புவது. எங்கள் மலையில் பேய் கற்பூர மரத்தில் இருக்கிறது. (நீங்கள் யூகலிப்டஸ் என்பீர்கள். 1843-ல் இங்கே கொண்டுவந்து வைத்தது.) 'கற்பூர மரம் தண்ணியெல்லாம் உறிஞ்சிடும் டீச்சர்' என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும். எப்படித் தெரியும் என்றால் தாத்தா சொன்னார். ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிடத்தான் தோன்றும். ஆனால் இதை இங்கேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊட்டி மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் வைத்து, வருஷக்கணக்கில் ஓடை நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது, வெட்டிய பிறகு துளிர்த்த அடுத்த சுற்றில் குறைவு இன்னும் கூடியது. ஆக, தாத்தா சொன்னதில் 'எல்லாம்' என்பது மட்டும் அதிகப்படி. தாத்தா சொன்னதால் அது தப்புமில்லை, சரியுமில்லை, யாராவது போய் அளக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள், தாத்தா ஜெயித்துவிட்டாராம்.

இனி சொல்லப்போவதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று நான் வைத்திருந்தது. என் வகுப்பில் பாதிக்கு மேல் சிறு தேயிலை விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர், அவ்வளவுதான். 'பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகவில்லை' என்ற வாக்கியத்தைக் கொடுத்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் கருத்து என்றார்கள். பின் பெஞ்சில் ஒரு பையன், வீட்டில் படுகு மொழி பேசுகிறவன், வகுப்பில் வாயே திறக்காதவன், எழுந்து 'கருத்து இல்ல டீச்சர், எங்கப்பா நோட்டுல இருக்கு' என்றான். மறுநாள் நோட்டைக் கொண்டுவந்துவிட்டான். பழைய டைரிதான், ஓரமெல்லாம் கொழுந்துக் கறை. தேதி, கொழுந்து எத்தனை கிலோ, மழைநாளில் ஈரத்துக்கென்று ஃபேக்டரியில் கழித்தது எவ்வளவு, பறிப்புக் கூலி, உரம், மருந்து, லீஃப் ஏற்றிப்போன வண்டி வாடகை எல்லாம் அதில் இருந்தன. வரவுப் பக்கத்தில் அந்தந்த மாசத்து விலை. அதைப் போர்டில் ஏற்றி இரண்டு பீரியட் கூட்டிக் கழித்தோம். கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, என் பாடத்தை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

கடைசியில் கொஞ்சம் மிச்சம் வந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் 'அப்ப கட்டுப்படியாகுது' என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அப்போது ஒரு பெண், அவள் அம்மா தோட்டத்துக்குப் பறிப்பு வேலைக்குப் போகிறவள், கேட்டாள்: 'வெளியாளுக்குக் கொடுத்த கூலிதானே இருக்கு, அவங்கம்மா பறிச்சாங்களே, அதுக்குக் கூலி யாரு எழுதினா?'

நோட்டில் அது இல்லை. அப்பாவின் உழைப்பும் இல்லை, லீவு நாளில் பையன் சுமந்த மூட்டையும் இல்லை. வெளியாளுக்குக் கொடுக்கிற அதே கூலியைப் போட்டுச் சேர்த்தால் மிச்சம் போய் நஷ்டம் வந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சொந்தத் தோட்டத்தில் வேலை செய்தால் அதற்கு எதற்குக் கூலி என்று ஒரு கட்சி. அந்த நேரத்துக்கு வேறு தோட்டத்துக்குப் போயிருந்தால் காசு வந்திருக்குமே என்று இன்னொரு கட்சி. பெல் அடித்தும் யாரும் நகரவில்லை.

நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதார விலை வைக்கும்போது டெல்லியில் நடக்கிற சண்டையும் இதேதான். கையிலிருந்து போன செலவு ஒரு கணக்கு, அதோடு குடும்ப உழைப்பைச் சேர்த்தால் இன்னொன்று, சொந்த நிலத்துக்கு வாடகையும் முதலுக்கு வட்டியும் போட்டால் மூன்றாவது. எதன் மேல் ஐம்பது சதவீதம் லாபம் கூட்டுவது என்று அரசாங்கமும் விவசாயச் சங்கங்களும் இன்றைக்கும் மல்லுக்கட்டுகின்றன. மூன்று கணக்கும் கூட்டல் பிசகாத கணக்குகள்தான். எதைச் சேர்ப்பது என்பதில்தான் கருத்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் எண்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாமல். பட்டியல் போட்டுப் படித்த பிள்ளைக்கு இது அகப்படவே அகப்படாது. பறிப்புக்காரி மகளுக்கு ஒரே நிமிஷத்தில் அகப்பட்டது. தேயிலைக்கு ஆதார விலையே கிடையாது என்பதையும் அவர்களிடம் சொன்னேன். ஏன் கிடையாது என்று கேட்டார்கள், அது அடுத்த வாரத்துக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு, உன்னிடம் சொல்லிவிட வேண்டும். 'அது உங்க கருத்து டீச்சர்' என்பது எங்கள் ஸ்கூலில் வசவாகவே ஆகிவிட்டது. ஹோம்வொர்க் ஏன் எழுதவில்லை என்றால்கூட அதுதான் பதில். கருத்து என்றால் மட்டம் என்று வைத்துவிட்டார்கள். அதைச் சரிசெய்ய, வெளியூர் வண்டிகள் மலைக்கு வர முன்கூட்டி வாங்க வேண்டிய இ-பாஸைப் பாடமாக எடுத்தேன். ஐகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, அடுத்த வருஷக் கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இதெல்லாம் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம், சண்டை போட ஒன்றுமில்லை. இ-பாஸ் வேண்டுமா என்பதுதான் கேள்வி. டாக்சி ஓட்டுகிறவர் மகன் வேண்டாம் என்றான். பர்லியார் நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டதைப் பார்த்த பெண் வேண்டும் என்றாள். இருவரும் சொன்னது கருத்துதான், ஆனால் காரணத்தோடு வந்த கருத்து. 'சும்மா, எனக்குப் பிடிக்கல' என்ற மூன்றாவது பையனுக்கு மட்டும் மார்க் இல்லை. ஹெச்.எம். கேட்டுவிட்டுக் கோர்ட் விஷயமெல்லாம் எதற்கம்மா என்றார். அவரிடமும் காரணம் கேட்கலாமா என்று பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நல்ல வேளை, வாய்விட்டுக் கேட்கவில்லை.

நீ உங்கள் ஊரில் தொடங்குவதானால் தேயிலை வேண்டாம், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கை எடு. குச்சி அடுக்க எவ்வளவு கூலி, ஒரு நாளைக்கு எத்தனை அடுக்க முடியும் என்று உன் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அத்துப்படியாக இருக்கும். எந்த வீட்டு நோட்டையும் போர்டில் ஏற்றுமுன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் அந்தப் பையனின் அப்பாவைக் கேட்டேன், அவருக்குச் சந்தோஷம்தான். கடன் பக்கத்தை மட்டும் கிளிப் போட்டு மூடி அனுப்பியிருந்தார்.

அரையாண்டு லீவில் வருவதாக இருந்தால் டிசம்பர் கடைசியில் வா, ஆனால் ஸ்வெட்டர் போதாது, குல்லாவும் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொண்டுவராதே, செக்போஸ்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். அம்மா கண் விஷயம் மறக்காமல் எழுது. உன் தீப்பெட்டிக் கணக்கில் என்ன வந்தது என்பதையும் எழுது, எங்கள் பிள்ளைகளிடம் படித்துக்காட்ட வேண்டும்.

அன்புடன்,
சரோஜா