கடைமடை அளவுகோலில் இருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் திறந்து நாளாகியும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற செய்தி குறுவைக்குக் குறுவை வந்துகொண்டே இருக்கிறது. இதற்கு மருந்தாக 'டிஜிட்டல் ட்வின்' மென்பொருளைப் பலர் சொல்கிறார்கள். ஆறு, வாய்க்கால், ஷட்டர் எல்லாவற்றையும் கணினிக்குள் நகல் எடுத்து, களத்தில் இருந்து வரும் அளவுகளை அவ்வப்போது அதற்குக் கொடுத்து, நாளையும் மறுநாளும் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடும் ஏற்பாடு அது. டெல்டாவுக்கு அது தேவை. ஆனால் மென்பொருளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

இந்த முறை நன்றாக வேரூன்றிய இடங்களில் ஒன்று, வெயிலில் காயும் நமக்குத் தொடர்பே இல்லாத குளிர்நாட்டு வெந்நீர்க் குழாய்கள். டென்மார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குச் சூடு பொது நிலையத்தில் இருந்து குழாயில் வருகிறது. 70, 80 டிகிரியில் புறப்படும் நீர், வீடுகளில் சூட்டை விட்டுவிட்டு 40 டிகிரி வாக்கில் திரும்புகிறது. அங்கும் தலைமடை, கடைமடை உண்டு. நிலையத்தை ஒட்டிய வீடுகள் அதிகம் இழுத்தால் கடைசி வீட்டில் அழுத்தம் விழுந்து அறை குளிர்ந்துவிடும். அதனால் பம்பை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்பதை நிலையத்து மீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் அழுத்த வித்தியாசம் எந்த வீட்டில் மிகக் குறைவோ, அந்த வீட்டை வைத்தே முடிவு செய்கிறார்கள். நாம் கல்லணையில் காவிரிக்கு எத்தனை கன அடி, வெண்ணாற்றுக்கு எத்தனை, கல்லணைக் கால்வாய்க்கு எத்தனை என்று தினமும் வெளியிடுகிறோம். கடைமடையில் நீர்மட்டம் காட்டும் அளவுகோலில் காலை ஆறு மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் நின்றது என்பதுதான் அந்த அறிக்கையின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. நிலையத்தில் சூட்டைக் கூட்டினால் அது நீரோடுதான் நகரும். நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். வழியில் இருக்கும் சூட்டையும் கணக்கில் வைக்காவிட்டால் நிலையத்தில் மேலும் மேலும் கூட்டி வீணாக்குவார்கள். நமக்கு இது மணிக்கணக்கில் முடிவதில்லை. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று, நான்கு நாள். கல்லணைக் கால்வாய் 148 கிலோமீட்டர். தலைப்பில், அதாவது கால்வாய் தொடங்கும் இடத்தில், செய்த மாற்றம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் கடைசிக்கு 41 மணி நேரம். வறண்ட மணலில் முதல் தண்ணீர் இதைவிட மெதுவாகப் போகும். வழியில் வந்துகொண்டிருக்கும் தண்ணீரை மறந்து, 'இன்னும் வரவில்லையே' என்று தலைப்பில் கூடுதலாகத் திறப்பதும், இரண்டு நாள் கழித்து வயல் மூழ்கியதும் அவசரமாக அடைப்பதும் முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனக் காலத்தில் நடக்கிற தவறுகள். இந்தத் தவறைக் குறைக்க நல்ல கணினி மாதிரியால் முடியும்.

எங்கே சறுக்கும் என்றால், ஷட்டரில். 3 மீட்டர் அகல ஷட்டரை 30 சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறது. மேல்புறத்துக்கும் கீழ்புறத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒன்றரை மீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 103 கன அடி போகும். கீழே தண்ணீர் எதிர்த்து நின்று அந்த வித்தியாசம் அரை மீட்டராகக் குறைந்தால், ஷட்டரை யாரும் தொடாமலேயே அது 60 கன அடிக்கு வந்துவிடும். ஆகவே மேல்புறத்தில் மட்டும் அளவுகோல் வைத்தால் கணக்கு பொய்த்துவிடும். இரண்டு பக்கமும் வேண்டும். திறப்பை 35 என்பதற்கு 30 என்று எழுதினாலும் ஏழில் ஒரு பங்கு தண்ணீர் கணக்கில் காணாமல் போகும். ஸ்க்ரூ தண்டில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட் அடிக்க என்ன செலவாகிவிடும்? தண்டு வளைந்தோ, அடியில் மரக்கட்டை சிக்கியோ இருந்தால் மேலே 'மூடியது' என்று காட்டும். பலகை கீழே உட்கார்ந்திருக்காது. அதைக் கண்டு சொல்ல, ஷட்டரைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரால்தான் முடியும். மென்பொருள் வந்தால் லஸ்கர் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. காலியாக இருக்கும் லஸ்கர் இடங்களை நிரப்பாமல் கணினி வாங்குவது வீண்.

இரண்டாவது சறுக்கல் வெங்காயத்தாமரை. வாய்க்கால் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் உராய்வு எண்ணுக்கு மேனிங் எண் என்று பெயர். தூர்வாரிய மண் வாய்க்காலுக்கு அதை 0.025 என்று வைப்போம். செடி அடைத்தால் அது 0.05ஐயும் தாண்டும். எண் இரட்டித்தால் அதே ஆழத்தில் ஓட்டம் பாதியாகும். ஜூனில் சரிபார்த்த மாதிரி செப்டம்பரில் பொய் சொல்வது இதனால்தான். மேல்பகுதியில் மட்டம் உயர்ந்து தண்ணீர் தாராளமாக இருப்பது போலத் தெரியும், கடைமடை காயும். எனவே பருவத்துக்கு மூன்று முறையாவது, குறைந்த ஓட்டம், நடுத்தர ஓட்டம், முழு ஓட்டம் என நேரில் வேகம் அளந்து எண்ணைத் திருத்த வேண்டும்.

இதில் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெந்நீர்க் குழாய்களில், பழுது பார்த்தவர் பாதி மூடியபடி மறந்துவிட்ட வால்வு ஒன்று இருந்தால், அளந்த அழுத்தமும் கணக்கிட்ட அழுத்தமும் ஒத்துப் போகாது. அந்த வித்தியாசம்தான் மாதிரி நமக்குக் கொடுக்கும் துப்பு. வால்வைத் தேடாமல் உராய்வு எண்ணை இழுத்து ஒட்டவைத்தால் திரையில் கோடுகள் அழகாகப் பொருந்தும். வால்வு மூடியே கிடக்கும். இங்கே அந்த வால்வின் இடத்தில் இருப்பது இரவில் அடுக்கிய மணல்மூட்டையாகவோ கரை உடைப்பாகவோ இருக்கும். கணக்கு பொருந்தாத இடத்துக்கு முதலில் ஆள் போய்ப் பார்க்க வேண்டும், எண்ணைத் தொடுவது அதற்குப் பிறகு.

டெல்டா தட்டையான நிலம். கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவுள்ள வாய்க்காலில் அளவுகோலின் சுழி, அதாவது பூஜ்யக் கோடு, 5 சென்டிமீட்டர் தவறினால் அரை கிலோமீட்டர் சரிவு காணாமல் போனது போல. எல்லா அளவுகோலையும் ஒரே கடல்மட்டக் குறியோடு இணைத்து லெவல் எடுப்பதுதான் முதல் செலவு. நீர்மட்டம் அளக்கும் ரேடார் கருவியைப் பாலத்தில் பொருத்தினால் அடியில் செடி மிதந்து வந்து தங்காத இடமாகப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே சாதாரண அளவுகோலும் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மின்சாரமும் செல்போனும் என்ன ஆயின என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சிக்னல் போனாலும் அளவைத் தன்னிடமே சேமித்து வைக்கும், சொந்த பேட்டரியில் ஓடும் கருவியே இங்கே உதவும்.

மென்பொருளுக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஷட்டரோடு கூடிய திறந்த வாய்க்காலின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதை வைத்து டெல்டா முழுவதையும் ஒரே மூச்சில் பிடிக்காமல், நீடாமங்கலத்தில் மூன்று ஆறுகளாகத் தண்ணீரைப் பிரிக்கும் மூணாறு தலைப்பில் பிரியும் பாமணியாற்றை மட்டும் முத்துப்பேட்டை வரை எடுத்துச் செய்து பார்க்கலாம். கடைசியில் கடல் ஏற்றவற்றத்தையும் எல்லையாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் எதிர்த்து நிற்பது மாதிரிக்குத் தெரியாது. தனியாரிடம் வாங்குவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் ஒரு சோதனையை எழுதிவிட வேண்டும்: ஒரு பருவத்தின் பாதி அளவுகளை மட்டும் கொடுத்து, மீதிப் பாதியில் கடைமடை மட்டங்களை மாதிரியே சொல்ல வேண்டும். 10 சென்டிமீட்டருக்குள் வந்தால் பணம்.

இப்படிக்கு,
பாசனப் பொறியாளர்கள் சிலர்,
மன்னார்குடி