அவசரப்படாதவனுக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பி கோபி மைனூவுக்கு,

2023 நவம்பர் 26 அன்று நம் மான்செஸ்டர் யுனைடெட் எவர்ட்டனுடன் ஆடிய ஆட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மூன்றாவது நிமிடத்தில் கர்னாச்சோ அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோல்தான். தப்பில்லை, அப்படிப்பட்ட கோல் அது. ஆனால் அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது உன்னைத்தான்.

அன்று எவர்ட்டனின் மைதானமான குடிசன் பார்க் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது நாளைக்கு முன்புதான் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் நிதி விதிகளை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு அவர்கள் சொந்த மண்ணில் ஆடிய முதல் ஆட்டம் அது. எதிர்ப்பைக் காட்ட இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொத்த மைதானமும் கத்தியது. உனக்கு வயது 18, லீக்கில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே நடுக்களத்தில் இருக்கிறாய். அதற்கு முன் கோடையில் ஹூஸ்டனில் ரியல் மாட்ரிட்டுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் காயம்பட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்தவன் வேறு. இந்த நிலையில் இருக்கும் பையன் என்ன செய்வான்? பந்து வந்ததும் வந்த பக்கமே திருப்பித் தட்டிவிட்டுத் தப்பிப்பான். அப்படிச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ அப்படிச் செய்யவில்லை. எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கினாய். பின்னால் ஒருவன் பாய்ந்து வருகிறான் என்று தெரிந்தும் அரை வினாடி சும்மா நின்றாய். அவன் கால் நீளும் அந்த நொடியில் தோளை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் போய்விட்டாய். நெரிசலான பஸ்ஸில் எதையும் பிடிக்காமல், யாரையும் இடிக்காமல் நடந்துபோகும் கண்டக்டரைப் போல. முதல் பாதியில் கோல் கோட்டில் நின்று ஒரு பந்தைத் தடுக்கவும் செய்தாய். 3-0 என்று வென்றோம்.

அந்த அரை வினாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாய்ந்து வந்தவன் ஏமாந்துவிட்டால் எதிரணியில் ஓர் ஆள் குறைந்தது போல. அவன் விட்டுவந்த இடம் காலியாகிவிடும், அங்கே நம் ஆள் ஒருவன் தனியாக நிற்பான். கோல் விழுந்தால் பெயர் அடித்தவனுக்கும் கடைசிப் பாஸ் கொடுத்தவனுக்கும் போகும். நாலு பாஸ் முன்னால் நீ வாங்கித் திரும்பியது எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் முதல் வரியில் வராது.

கோலும் அடித்தாய், இல்லையென்று சொல்லவில்லை. வுல்வ்ஸ் மைதானத்தில் 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-3 ஆக்கிக்கொண்ட பிறகு, 97ஆவது நிமிடத்தில் உள்ளே வெட்டி வந்து தூர மூலையில் வளைத்துப் போட்டது. லிவர்பூலுக்கு எதிரான அந்த வளைவுப் பந்து. 2024 மே 25, வெம்ப்லி, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் புரூனோ ஃபெர்னாண்டஸ் பார்க்காத மாதிரி தட்டிக்கொடுத்த பந்தை நீ அமைதியாக உள்ளே அனுப்பியது. மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றோம். ஆட்ட நாயகன் விருதும் உனக்கே. எல்லாம் சரி. ஆனால் இந்த மூன்று வீடியோக்களை மட்டும் பார்த்தவர்கள் உன்னை வேறு ரக ஆட்டக்காரனாக நினைத்துக்கொண்டார்கள், அதுதான் சிக்கல்.

ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2024 தொடரில் அப்போதைய இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட்டும் உன்னிடம் சுற்றி வளைத்துத்தான் வந்தார். டெக்லன் ரைஸுக்குப் பக்கத்தில் முதல் இரண்டு ஆட்டங்களில் அலெக்சாண்டர்-அர்னால்ட், மூன்றாவதில் கானர் கேலகர். அந்த மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில்தான் உன்னை இறக்கினார். அப்புறம் ஸ்லோவாக்கியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, ஸ்பெயின் என்று நான்கு நாக் அவுட் ஆட்டங்களையும் நீதான் தொடங்கினாய். டார்ட்மண்டில் நெதர்லாந்துக்கு எதிராக நீயும் ஃபோடனும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய முதல் பாதி, அந்தத் தொடரில் இங்கிலாந்து ஆடியதிலேயே பார்க்கச் சுகமான பகுதி என்பது என் கட்சி. இறுதி ஆட்டத்தில் 70ஆவது நிமிடம் உன்னை எடுத்துவிட்டு கோல் பால்மரை இறக்கினார்கள். மூன்று நிமிடத்தில் அவர் கோல் அடித்தார். அப்படியும் தோற்றோம்.

இங்கிலாந்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. நடுக்களத்தில் ஓடுகிறவனை, விழுந்து தடுக்கிறவனை, தூரத்திலிருந்து வெடிக்கிறவனை உடனே பிடித்துவிடும். நின்று யோசிக்கிறவன் மேல் மட்டும் சந்தேகம். பால் ஸ்கோல்ஸை இடது ஓரத்தில் ஒதுக்கினார்கள். 2004ல், 29 வயதிலேயே, அவர் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார். மைக்கேல் காரிக் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஐந்து லீக் பட்டங்களும் ஒரு சாம்பியன்ஸ் லீகும் வென்றவர். இங்கிலாந்துக்கு ஆடியது வெறும் 34 ஆட்டம். 2006 உலகக் கோப்பையில் ஈக்வடாருடன் ஒரே ஓர் ஆட்டம் கொடுத்தார்கள். அதில் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2026 ஜனவரி வரை யுனைடெட்டின் பயிற்சியாளராக இருந்த ரூபன் அமோரிம் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை ஆடவிடவில்லை என்று ரசிகர்கள் அவரை வில்லனாக்கிவிட்டார்கள். டி-ஷர்ட் வாசகங்கள் வரை போனது. நான் அந்தப் பக்கம் முழுதாகச் சாயவில்லை. அவருடைய 3-4-2-1 அமைப்பில் நடுவில் இரண்டே பேர். எதிரணி மூன்று பேரை வைத்தால் அந்த இருவரும் ஆட்டம் முழுக்க ஓடி அடைக்க வேண்டிய பரப்பு மிகப் பெரியது. அதில் ஓர் இடம் புரூனோவுக்கு என்று அவர் தீர்மானித்துவிட்டார். அந்த இடத்துக்குத்தான் நீ போட்டியிட வேண்டும் என்று வெளிப்படையாகவும் சொன்னார். புரூனோ அபூர்வமாகவே காயம்படுகிற ஆள், கேப்டன், உட்கார மாட்டார். ஆக உன் வரிசை நகரவே இல்லை. 2025-26 சீசனில் அமோரிம் இருந்தவரை லீக்கில் ஒருமுறைகூட நீ தொடக்க அணியில் இல்லை. கிடைத்த ஒரே தொடக்கம் லீக் கோப்பையில் கீழ்ப் பிரிவு கிளப்பான கிரிம்ஸ்பியுடன். அதுவும் பெனால்டியில் 12-11 என்று தோற்ற கதை.

அவரை நான் குறை சொல்வது வேறொன்றுக்காக. 2025 ஏப்ரலில் ஐரோப்பா லீக்கில் பிரெஞ்சு கிளப் லியோனுடன் 4-2 என்று பின்தங்கியிருந்தபோது உன்னைக் கோல் பகுதிக்குப் பக்கத்தில் ஆடவிட்டவரும் அவர்தான். 120ஆவது நிமிடம் நாலாவது கோலை நீ அடித்தாய், அடுத்த நிமிடம் மகுவயர் முடித்தார். 5-4. நெருக்கடியான சின்ன இடத்தில் இவனுக்குக் கால் நடுங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர், தன் அமைப்பில் அதற்கு ஓர் இடம் தேடிப் பார்த்திருக்கலாம்.

இதில் காசும் கலந்திருக்கிறது. ஆறு கோடி பவுண்டுக்கு ஒருவரை வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால் கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 1.2 கோடி செலவாக ஏறும். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது. விற்றால் வந்த பணம் முழுவதும் லாபம். நஷ்டத்துக்கு எல்லை போடும் லாப நஷ்ட விதிகள் கழுத்தைப் பிடிக்கும்போது கிளப் நிர்வாகங்களின் கண் முதலில் போவது சொந்தப் பையன்கள் மேல்தான். நம் அகாடமியில் வளர்ந்த மெக்டோமினே இத்தாலியின் நாப்போலிக்குப் போனார். முதல் வருடமே இத்தாலிய லீக்கை வென்று அதன் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். உன்னோடு 2022ல் யூத் கோப்பையை வென்ற கர்னாச்சோ செல்சிக்குப் போனார். 1937 அக்டோபரிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அகாடமி ஆள் ஒருவராவது அணியில் இருப்பதாகப் பெருமை பேசும் கிளப் இது! 2025 ஆகஸ்டில் நீ கடனாக வெளியே போகக் கேட்டாய், விடவில்லை. ஆடவும் விடவில்லை. அந்த நான்கு மாதம் நீ வாயைத் திறக்காமல் பயிற்சிக்குப் போய்வந்ததை நான் மதிக்கிறேன்.

2026 ஜனவரி 5 அன்று அமோரிம் போனார். 13ஆம் தேதி அவர் இடத்துக்கு வந்தது யார் என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். அதே காரிக்! 17ஆம் தேதி சிட்டியுடன் ஆட்டம், கசெமிரோவுக்குப் பக்கத்தில் நீ. 2-0 என்று வென்றோம். அடுத்த வாரம் ஆர்சனலை அவர்கள் மைதானத்திலேயே 3-2.

இப்போது பாராட்டு மழை கொட்டுகிற நேரம், அதனால் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன். பந்து உன் காலில் இருக்கும்போது உனக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பந்து எதிரணியிடம் இருக்கும்போது உண்டு. உனக்குப் பின்னால் ஒருவன் கிளம்பி ஓடினால் நீ தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அவன் இரண்டு எட்டு போய்விடுகிறான். நீ மின்னல் வேகக்காரன் இல்லை, துரத்திப் பிடிக்க முடியாது. கசெமிரோ முப்பதைத் தாண்டியவர், அவருக்கும் இன்று வேகம் கிடையாது. ஆனால் பந்து கிளம்பும் முன்பே அவர் கிளம்பிவிடுகிறார். அமோரிமுக்கு முன் பயிற்சியாளராக இருந்த டென் ஹாக் காலத்தில் நடுக்களம் பாதி நேரம் வெட்டவெளியாகக் கிடந்ததால் இந்தக் குறை மற்றவர்களின் குறைகளோடு சேர்ந்து மறைந்துபோனது. இனி மறையாது, ஏனென்றால் எதிரணிப் பயிற்சியாளர்களும் வீடியோ பார்க்கிறார்கள்.

காரிக்கும் ஆடிய நாளில் ஓடிப் பிடித்த ஆள் இல்லை. எதிரணியின் பாஸ் போகப்போகும் பாதையில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வார், பந்து அவர் காலிலேயே வந்து விழும். எதைப் பார்த்து அந்த இடத்தை முடிவு செய்தார் என்று அவரிடமே கேள். 2025-26 சீசன் முடியும் வரைக்கும் என்று அவரை அழைத்தபோதே, கேரிங்டன் பயிற்சி மைதானத்தில் தினமும் உன் எதிரில் நிற்கும் ஆளாகிவிட்டார்.

அன்புடன்,
உன் ஊரான ஸ்டாக்போர்ட்டை மேப்பில் மட்டும் பார்த்த ஒரு ரசிகன்